விசாரிப்பவர் யார்?

நாடாளுமன்ற உறுப்பினர்களின் நடத்தையை, உறுப்பினர்களே அடங்கிய அவையின் நெறிமுறைக் குழுவே விசாரித்தால் போதும் என்ற கட்டுரையாளரின் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நாளை வாக்கெடுப்பில் தம்மோடு நிற்க வேண்டிய சக உறுப்பினரை இன்று குற்றவாளி என்று எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவையில் 1995 முதல் உறுப்பினரல்லாத ஓர் ஆணையர் புகார்களை விசாரிக்கிறார். தமக்குப் பணம் தந்த நிறுவனங்களுக்காக ஆளுங்கட்சி உறுப்பினர் ஓவன் பேட்டர்சன் பரிந்து பேசியதை ஆணையர் கண்டறிந்து, 2021-இல் 30 அமர்வு நாட்கள் இடைநீக்கம் பரிந்துரைக்கப்பட்டபோது, அதைத் தள்ளிப்போட வாக்களித்த ஆளுங்கட்சி, எழுந்த கண்டனத்தைக் கண்டு மறுநாளே பின்வாங்கியது. பேட்டர்சனும் பதவி விலகினார். விசாரணை அறிக்கை முழுமையாக வெளியாகியிருந்ததால்தான் இது நடந்தது. குழு கூடுவதும் சாட்சியம் கேட்பதும் மூடிய அறைக்குள் நடக்கலாம். முடிவும் அதற்கான காரணங்களும் வாக்களித்தவர்களுக்கு எழுத்தில் கிடைத்தே ஆக வேண்டும்.