அந்த ஸ்கிரீன்ஷாட் எனக்கும் வந்தது

நேற்றைய கூத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையிலிருந்து நான்கு பேர் அதே ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிவிட்டார்கள். அதில் எழுதியிருப்பது இது: 'மான்டி கிறிஸ்டோ கோமகன்' 1934 படத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் நாவலைப் படிக்காத கிழவர்களாம். 2024 பிரெஞ்சுப் படம்தான் நாவலாசிரியர் அலெக்சாண்டர் டூமா எழுதியது அப்படியேவாம்.

சரி தம்பி, அந்த 'அப்படியே'வைப் பார்ப்போம். நாவலில் கதாநாயகன் எட்மண்ட் கொண்டுவரும் நெப்போலியன் தரப்புக் கடிதம் போய்ச் சேர வேண்டியது, அவனை விசாரிக்கும் அரசு வழக்கறிஞர் வில்ஃபோர்ட்டின் அப்பாவுக்கு. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஒரு பாவமும் அறியாத எட்மண்ட் சிறைக்குப் போகிறான். புதிய படத்தில் அந்த அப்பாவே கிடையாது, பதிலுக்கு ஒரு சகோதரி. நாவலில் எட்மண்டைக் காட்டிக்கொடுத்து அவன் காதலி மெர்ஸிடஸை மணந்த ஃபெர்னாண்ட் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு சாகிறான். படத்தில் கடைசியில் வாள் சண்டை. இதுவா அப்படியே?

எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. எட்மண்டாக நடித்த பியர் நினே முகமூடி மாற்றி வரும் இடங்களில் வாய் பிளந்துதான் பார்த்தேன். ஆனால் எந்தப் படமும் அப்படியே கிடையாது. 1844 முதல் 1846 வரை தொடராக வந்த கதை அது. இரண்டு மணி நேரத்திலும் அடங்காது, மூன்று மணி நேரத்திலும் அடங்காது. எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். எதை வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

2002-இல் வந்த படத்தில் ஃபெர்னாண்டின் மகன் ஆல்பர்ட்டை எட்மண்டின் மகனாகவே ஆக்கிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசி யாருக்கும் ரத்தக் கொதிப்பு ஏற வேண்டாம்.

எனக்கு வேண்டியது சிறையின் 14 ஆண்டுகள். சக கைதியான பாதிரியார் ஃபாரியா இறந்ததும் எட்மண்ட் அவருடைய பிணத்தை மாற்றி வைத்துவிட்டு, தானே சவச் சாக்குக்குள் புகுந்து, அவருடைய ஊசியால் உள்ளிருந்தே வாயைத் தைத்துக்கொள்வான். ஒவ்வொரு தையலாக. காலில் குண்டைக் கட்டிக் கடலில் வீசப்போகிறார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அந்தத் தையலில் இருக்கும் பொறுமைதான் பின்னால் பழிவாங்கலாக மாறுகிறது. புதிய படத்தில் அவ்வளவு செலவு, அவ்வளவு கடல். அந்த 14 ஆண்டுகள் என் மேல் ஏறவில்லை. பழைய படத்தின் கறுப்பு வெள்ளையில் எட்மண்டாக வரும் ராபர்ட் டோனட்டின் தாடியைப் பார்த்தபோது ஏறியது. என்ன செய்ய?

"சின்ன வயது நினைவு, அதனால்தான்" என்பீர்கள். ஆமாம், அதனாலும்தான். எனக்குக் கிடைத்த சுருக்கப் பதிப்பில் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. பல வருடம் முடிவு தெரியாது. பழைய படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: எட்மண்டும் மெர்ஸிடஸும் சேர்ந்துவிட்டார்கள். நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் முழு நாவலைப் படித்தால் அவன் ஹைடி என்ற இளம்பெண்ணுடன் கப்பலேறிப் போகிறான். மெர்ஸிடஸ் மார்செய்யில், எட்மண்டின் அப்பா வாழ்ந்த வீட்டில் தனியாக. இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. அந்தப் படம் என்னிடம் பச்சைப் பொய் சொன்னது, தம்பி. அதை உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பிடிக்கிறது.

"பழைய நடிப்பு நாடகத்தனம்" என்று ஒருவர். இருக்கட்டும். "கிழவர்களுக்கு வேகம் பிடிக்காது" என்று இன்னொருவர். அதற்கு இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேர் இந்தப் பழைய படத்தையே என் வீட்டில் உட்கார்ந்து என்னோடு பார்த்தவர்கள். அன்று அந்தச் சாக்கு கடலில் விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. படத்தைத் திட்டுங்கள், எனக்கொன்றும் இல்லை. நாவலே படிக்காதவன் என்றீர்களே, அதுதான்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எழுதிய தம்பிக்கு முழு நாவலின் இரண்டு பாகங்களையும் கொடுத்ததே நான்தான். இரண்டு வருடம் ஆகிறது. முடிந்தால் திருப்பிக் கொடுங்கள். கடைசிப் பக்கங்களோடு.