"நீயா விரும்பிச் செஞ்சுக்கிட்டதுதானே" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

ஆபரேஷன் முடிந்த இந்தப் பதினெட்டு நாளில் இந்த ஒரு வரியை நர்ஸ் சொல்லிவிட்டார், மருந்துக்கடைக்காரர் சொல்லிவிட்டார், சொந்த அத்தையும் சொல்லிவிட்டார். அத்தை ஒரு படி மேலே போய், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாய் என்கிறார்.

நான் செய்துகொண்டது மார்பகக் குறைப்பு. பிரா பட்டை அழுத்தி அழுத்தி இரண்டு தோளிலும் விரல் புதையும் அளவுக்குப் பள்ளம், ஓயாத கழுத்து வலி, சித்திரை வெயிலில் மார்புக்கு அடியில் வியர்த்துப் புண். சரி, வெறும் அழகுக்காகவே செய்திருந்தாலும்தான் என்ன? எதற்காகக் கீறினார்கள் என்று தோலுக்குத் தெரியுமா?

மறுநாளே டிஸ்சார்ஜ். சீட்டில் பாராசிட்டமால் 650, பக்கத்தில் எஸ்ஓஎஸ். அதாவது வலி வந்தால் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டுமாம். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். இரண்டாம் நாள் நடுராத்திரி பாத்ரூம் போகலாம் என்று கையை ஊன்றி எழுந்தேன், தையல் போட்ட இடமெல்லாம் பிய்ந்துகொண்டு வருவதுபோல் இழுத்தது, அதே நேரம் பார்த்து இருமலும் வர, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதேன். மருத்துவமனைக்குப் போன் செய்தால், "காஸ்மெடிக்தானே மேடம், கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

விடிந்ததும் மயக்கவியல் டாக்டராக இருக்கும் என் தோழியிடம் கேட்டேன். அவள் கொதித்துப்போனாள். முதல் இரண்டு மூன்று நாள் வலி வரட்டும் என்று காத்திருக்கவே கூடாதாம், கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாராசிட்டமால், வயிறும் சிறுநீரகமும் இடம் கொடுத்தால் டாக்டரைக் கேட்டு இன்னொரு வகை வலி மாத்திரையும் சேர்த்து. ஏறிவிட்ட வலியை இறக்குவதுதான் பெரும்பாடு என்றாள். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள், முதுகுக்கு நாலு தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கு, இதையெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மார்பு நரம்புகளை மரத்துப்போக வைக்கும் பெக்ஸ் பிளாக் என்ற ஊசிமுறை 2011-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டதாம். எனக்குப் போட்டார்களா இல்லையா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

அப்புறம் பத்தாம் நாள், காம்பைச் சுற்றி ஷாக் அடிப்பதுபோல் சுரீர் சுரீர் என்று ஒரு வலி. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நான் நடுங்கிப்போனேன். அறுபட்ட நரம்பு மெல்ல உயிர் பெறும்போது பலருக்கு இப்படி வருமாம். இந்த ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே சொல்ல எத்தனை நொடி ஆகும்?

வலியை ஆராயும் சர்வதேச அமைப்பு 2020-ல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறது. விரும்பிச் செய்துகொண்டவருக்குக் கிடையாது என்று அதில் இல்லை.

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, இறுகி, வலி கூடிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ என்று சொல்லியே வாயை அடைத்து அனுப்பிய பெண், அன்றைக்கும் பொறுத்துக்கொண்டுதானே படுத்திருப்பாள்?

வியாழக்கிழமை தையலைக் காட்டப் போகிறேன். அந்த எஸ்ஓஎஸ் சீட்டைக் கையோடு எடுத்துப் போகிறேன், அடுத்து வருகிறவளுக்கு இப்படி எழுதிக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்வதற்கு.