மிதக்கும் இரைக்கு ஃபுளோரோகாபன் வேண்டாம்
“ஃபுளோரோகாபன் தூண்டில் நூல் நீருக்குள் தெரியாது, எந்தப் போலி இரைக்கும் அதையே கட்டுங்கள்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நீர்மட்டத்தில் ஓடும் இரைக்கு இது சரிவராது. ஃபுளோரோகாபனின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 1.78 மடங்கு. நூல் தாழும்போது இரையின் மூக்கையும் சேர்த்து இழுக்கும். பொப்பர் எனும் மிதக்கும் போலி இரை நீரைத் தெறிக்க விடாமல் தலைகுப்புற முங்கும். மறைந்திருந்து என்ன லாபம்? மீனை மேலே வரவழைப்பது அந்தச் சலசலப்புத்தானே!

நைலோன் தங்கூசி (ஒற்றை இழை நூல்) சுமார் 1.14 மடங்குதான், மெல்லவே தாழும். பின்னல் நூல் 0.97, மிதக்கும், ஆனால் துவண்டுபோய் முன் தூண்டில்முள்ளில் சுற்றிக்கொள்ளும். ஆகவே யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில் கொடுவா மீனுக்கு வீசுபவர்கள் பின்னல் நூலின் முனையில் இரண்டு முழம் தடித்த தங்கூசியை முடிந்துகொள்ளுங்கள். கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தி மாதிரி. வெறும் பின்னல் நூலை நொடியில் அறுத்துவிடும். ஆழத்தில் ஓடும் இரைக்கு ஃபுளோரோகாபனைத் தாராளமாகக் கட்டலாம்.