மூன்று மலையூர், ஒரே பகல்

தனி வண்டி, தனி ஓட்டுநர் என்று பணத்தை எண்ணிக் கொடுத்தும், இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து புறப்பட்ட எங்கள் பகலில் பாதி தஸ்கனி வட்டாரத்தின் வளைவுச் சாலைகளிலேயே கரைந்தது. சான்ஜொவேசே திராட்சையிலிருந்து செய்யப்பட்டு, அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும் புருனெல்லோ ஒயினைச் சுவைக்க, மொண்டால்சினோவில் எங்களுக்குக் கிடைத்தவை 20 நிமிடங்கள். போப்பாண்டவர் இரண்டாம் பியுஸ் 1459இல் தாம் பிறந்த ஊரைத் திருத்திக் கட்டத் தொடங்கியதால் உருவான பியென்சாவை அடைந்தபோதோ, மதிய ஓய்வுக்காகப் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன (அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை, நானும் மதியம் உறங்குபவன்தான்). பெக்கொரினோ பாலாடைக்கட்டியின் மணத்தை மட்டும் முகர்ந்து திரும்பினோம். மொண்டேபுல்சியானோவில் வண்டியை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, செங்குத்தான தெருவில் மூச்சிரைக்க ஏறி உச்சிச் சதுக்கத்தைக் கண்ட கணமே ஓட்டுநர் கைப்பேசியில் அழைத்தார்: நேரமாகிவிட்டதாம்.