சிவப்பும் நீலமும்: பீற்றில்ஸை வரிசை குலைக்காமல் கேளுங்கோ

பீற்றில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் சிவப்புத் தொகுப்பையும் நீலத் தொகுப்பையும் போனில் ஷஃபிள் போட்டுக் கேட்கிற ஆக்களுக்குத்தான் இந்தப் பதிவு. தயவுசெய்து அதை நிப்பாட்டுங்கோ. இரண்டும் 1973இல் வெளிவந்தவை. சிவப்பில் 1962 முதல் 1966 வரையான 26 பாட்டு, நீலத்தில் 1967 முதல் 1970 வரையான 28 பாட்டு. காலவரிசையில் அடுக்கினபடியால்தான் இந்த இரண்டுக்கும் இவ்வளவு பெறுமதி. எட்டு வருசத்துக்குள் ஒலிப்பதிவு என்ற வேலையே எப்படித் தலைகீழாக மாறியது என்பதை இவற்றில் காதாலேயே படிக்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பாட்டுகள் குலைந்த வரிசையில்தான் வந்து சேர்ந்தன. ரெக்கோடிங் பாரில் வெற்றுக் கசற்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்து அடித்தெடுத்த காலத்தில், 60 நிமிசக் கசற்றில் பக்கத்துக்கு 30 நிமிசம்தான். ஏழு நிமிசத்துக்கு மேல் போகிற 'ஹே ஜூட்' பக்கத்தின் கடைசியில் வந்தால் பாதியில் அறுந்துபோகும். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் கேட்டபோது, மிதிக்கிற கால் களைத்தால் மோட்டரும் களைத்துச் சுருதி இறங்கும். அந்தக் காலத்துச் சனத்துக்கு வேறு வழி இல்லை. இப்போது கையிலுள்ள போனில் முழுத்தொகுப்பும் ஒழுங்காக இருக்கிறது. இப்பவும் குலைத்துக் கேட்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

தொடக்கத்தில் பீற்றில்ஸுக்குக் கிடைத்தது இரண்டு ட்ராக் ரேப் மட்டும், அதாவது ஒலியை இரண்டு தனித் தடங்களில் பதிகிற ஒலிநாடா. 1963 பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில் பத்துப் பாட்டைப் பதிந்தார்கள் என்றால், அது மேடையில் வாசிக்கிறதை அப்படியே பிடிக்கிற வேலை. அதே வருசம் ஒக்ரோபரில் 'ஐ வோன்ற் ரு ஹோல்ட் யுவர் ஹாண்ட்' பதிந்தபோது நாலு ட்ராக் வந்தது. சிவப்பில் 'ஷீ லவ்ஸ் யூ' முடிந்து இந்தப் பாட்டு தொடங்குகிற இடத்தைக் கவனியுங்கோ. கைதட்டலும் கிற்றாரும் ஒன்றையொன்று மிதிக்காமல் விலகி நிற்கும்.

1965இல் இருந்து ரேப்பே ஒரு வாத்தியமாகிறது. 'இன் மை லைஃப்' பாட்டின் நடுவில் வருகிற பியானோவை அவர்களின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் ரேப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே வாசித்தார். சாதாரண வேகத்தில் போட்டால் சுருதி ஏறும், ஒவ்வொரு சுரமும் சுருங்கிக் கூர்மையாகும். அதனால்தான் பியானோ ஹார்ப்சிகோட் மாதிரிக் கேட்கிறது. 1966இல் 'பேப்பர்பாக் ரைற்றர்' பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கரையே மைக்காக மாற்றி பேஸுக்கு முன்னால் வைத்தார்கள். ஸ்பீக்கரின் பெரிய கூம்பு தாழ்ந்த ஒலியை நன்றாக வாங்கும். அதுவரை அடியில் அமுங்கிக் கிடந்த பேஸ் அந்தப் பாட்டில்தான் எழும்பி நடக்கிறது.

1973 சிவப்பின் பெரிய குறையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 'ரிவோல்வர்' இசைத்தட்டில் இருந்து 'எலினோர் றிக்பி', 'யெலோ சப்மரீன்' இரண்டை மட்டும் எடுத்தார்கள். ஒலி முழுதாக மாறிய 'ருமோரோ நெவர் நோஸ்' அதில் இல்லை. தம்புராச் சுருதி, ஒரே கோட்டை (chord) சுற்றிப் போகிற மெட்டு, திரும்பத் திரும்ப ஓடுகிற ஐந்து ரேப் வளையங்கள், பிற்பாதியில் சுழலுகிற லெஸ்லி ஸ்பீக்கருக்குள்ளால் வருகிற, குழுவின் பாடகர் ஜோன் லெனனின் குரல். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்துக் கேட்டுப் பழகிய எங்கட காதுக்கு இந்தப் பாட்டு அந்நியமே இல்லை. இது இல்லாமல் சிவப்பில் இருந்து நீலத்துக்குப் போனால் 'ஸ்ரோபரி பீல்ட்ஸ் போரெவர்' வானத்தில் இருந்து விழுந்த மாதிரி இருக்கும்.

2023 நவம்பரில் வந்த பதிப்பு இந்தக் குறையைச் சரிசெய்தது. சிவப்பு 38 பாட்டு, நீலம் 37 பாட்டு. 'ரிவோல்வர்' பாட்டுகள் ஐந்து கூடின. சிவப்பில் முதல்தடவையாக குழுவின் கிற்றார்க்காரர் ஜோர்ஜ் ஹரிசன் எழுதிய பாட்டுகள் வந்தன. ஆனால் வாங்கும்போது ஒன்றைப் பாருங்கோ: சீடியிலும் இணையத்திலும் புதுப் பாட்டுகள் காலவரிசைக்குள் செருகப்பட்டிருக்கின்றன. வினைல் பெட்டியில் அவை மூன்றாவது தட்டில் தனியாக நிற்கின்றன. வரிசைக்காகக் கேட்கிறவர்கள் வினைலுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

அடுத்தது ஸ்ரீரியோ. இங்கே அதிகம் பிழைக்கிற இடம் இதுதான். ஆரம்பகால ரேப்பில் வாத்தியம் ஒரு ட்ராக், குரல் மற்ற ட்ராக். மொனோவாக, அதாவது ஒரே ஸ்பீக்கருக்காக, கலக்கும்போது அளவு பார்ப்பதற்காக அப்படிப் பிரித்தார்கள். அதையே இடம் வலமாகப் போட்டு ஸ்ரீரியோ என்று விற்றார்கள். நாலு ட்ராக் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 'நோவேர் மான்' பழைய ஸ்ரீரியோவில் குரல் வலப்பக்கம், ட்ரம்ஸும் பேஸும் இடப்பக்கம். பஸ்ஸில் ஒற்றைக் காதில் மட்டும் செருகிக் கேட்டால் பாதிப் பாட்டுத்தான் கிடைக்கும். போனின் அக்ஸெஸிபிலிற்றி பகுதியில் 'மொனோ ஓடியோ' என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கோ. மண்டபத்தில் போனை மிக்ஸருக்குக் கொடுக்கிறவர்கள் மொனோ பின்னைக் குத்தினால் வலப்பக்கச் சிக்னல் நிலத்தோடு சோட்டாகி, குரல் காணாமல் போகும். ஸ்ரீரியோ பின்னில் இருந்து இரண்டாகப் பிரிகிற வயரை இரண்டு சனலில் கொடுத்து, ஒலியை இடம் வலம் தள்ளுகிற 'பான்' குமிழ்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கோ.

சிவப்பின் 1993 சீடியில் முதல் நாலு பாட்டும் மொனோ. 'லவ் மீ டூ', 'ஷீ லவ்ஸ் யூ' இரண்டுக்கும் மூல இரண்டு ட்ராக் ரேப் மிஞ்சவில்லை. 2023இல் கணினியைப் பழக்கி, ஒன்றாகக் கலந்த ஒலியில் இருந்து குரலையும் ட்ரம்ஸையும் கிற்றாரையும் பிரித்தெடுத்து ஜோர்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் சாம் ஓக்கெலும் புதிதாகக் கலந்தார்கள். ட்ரம்ஸ் நடுவுக்கு வந்ததும் ஹெட்போனில் கேட்பது சுகம். ஆனால் 1963 பாட்டுகளுக்கு மொனோதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அந்தக் குழுவே ஒரே ஸ்பீக்கரை மனதில் வைத்துத்தான் வாசித்தது. எல்லாம் ஒரே முட்டாக மோதி வருகிற வேகம், பிரித்து வைத்தால் தளர்ந்துபோகிறது. 1967க்குப் பிந்தியவற்றுக்குப் புதுக் கலவையைத் தாராளமாக எடுங்கோ.

இங்கே மேடையில் வாசிக்கிற பெடியளுக்கும் ஒரு வேண்டுகோள். 1963 பாட்டையும் 1969 பாட்டையும் ஒரே எஃபெக்ற் பெடலில், ஒரே ரிவேர்ப்பில் வாசிக்காதீங்கோ. 'ஓல் மை லவ்விங்' என்றால் டிலே வேண்டாம், டிஸ்ரோர்ஷன் வேண்டாம். அந்தப் பாட்டின் உயிர் லெனனின் வலது கை விடாமல் அடிக்கிற மும்மைத் தாளத்தில் இருக்கிறது. கை களைக்காமல் இருக்க, மணிக்கட்டால் மட்டும் அடிக்க வேண்டும். பேஸை பிக்கால் வாசித்து, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுப் பஞ்சு வையுங்கோ, ஒலி நீளாமல் குட்டையாக நிற்கும். 'கம் ருகெதர்' வாசிக்கும்போது மெல்லிய துவாயை ட்ரம்ஸின் மேல் விரியுங்கோ, அந்தப் பதிவிலும் அதைத்தான் செய்தார்கள். நீலத்தின் கடைசிப் பகுதி மென்மையாகக் கேட்பதற்கு இன்னொரு காரணம், ஸ்ரூடியோவில் 1968இல் எட்டு ட்ராக் வந்ததும், அதன்பிறகு வால்வு மிக்ஸர் போய் ட்ரான்சிஸ்ரர் மிக்ஸர் வந்ததும். அந்தப் பாட்டுகளுக்கு கிற்றாரின் ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கினால் போதும்.

சுருதி விசயத்தில் மூன்று பாட்டு தவறாமல் ஆக்களைக் குழப்பும். 'யெஸ்ரடே' F சுருதியில் கேட்கும், ஆனால் கிற்றாரை ஒரு முழுச்சுரம் இறக்கிவிட்டு G கோட்டில் வாசித்தது. 'ஹியர் கம்ஸ் த சன்' ஏழாவது ஃப்ரெற்றில் கேப்போ போட்டு D கோட்டில். 'ஸ்ரோபரி பீல்ட்ஸ்' எந்தச் சுருதியிலும் நேராக நிற்காது. 7ஆம் ரேக்கையும் (ஏழாவது தடவை பதிந்தது) 26ஆம் ரேக்கையும், பின்னதின் வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட ஒரு நிமிசத்தில் ஒட்டினார்கள். வேகம் மாறினால் சுருதியும் மாறும், அதனால் பாட்டு A-க்கும் B பிளாற்றுக்கும் இடையில் போய் நிற்கிறது. ரியூனரைக் குறைசொல்லிக் கம்பியை முறுக்கி அறுக்க வேண்டாம். சுருதியைச் சென்ற் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நகர்த்துகிற செயலியில் பாட்டைப் போட்டு, அதை உங்கட கிற்றாருக்குக் கொண்டுவாருங்கோ.