நிலையாமை என்பது கைவிரிப்பு அல்ல

ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 30 நெருங்கும்போது நம் குமரி மாவட்டத்து முகநூல் பக்கங்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். கண்மூடிய புத்தர் சிலை, பின்னால் கடல், கீழே "எல்லாம் மாயை, எதுவும் நிலையில்லை" என்று ஒரு வரி. 2017 ஒக்கி புயலில் கடலோடு போன மீனவர்களுக்கு அஞ்சலியாம். போடுபவர்கள் நல்ல மனதோடுதான் போடுகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் மனது கொதிக்கிறது. தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் உடல்கூடக் கிடைக்காத வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுத் தாயிடம் துட்டி கேட்கப் போய் "உன் மகன் மாயை" என்று சொல்ல நம்மில் யாருக்காவது வாய் வருமா? நமக்கே வாய் வராத ஒன்றைப் புத்தர் வாயில் ஏன் வைக்கிறோம்?

பாலி மொழிப் பௌத்த மரபில் படாச்சாரா என்ற பெண்ணின் கதை உண்டு. ஒரே புயல் இரவில் கணவனைப் பாம்பு கடித்துவிடுகிறது. மறுநாள் ஆற்றைக் கடக்கும்போது கைக்குழந்தையைப் பருந்து தூக்கிப் போகிறது, மூத்தவனை வெள்ளம் இழுத்துப் போகிறது. பிறந்த வீட்டுக்காவது போகலாம் என்று நடந்தால், அதே புயலில் வீடு இடிந்து பெற்றோரும் சகோதரனும் செத்துப்போனார்கள் என்று வழியில் செய்தி. உடுத்த துணி நழுவியதுகூடத் தெரியாமல் பித்துப்பிடித்து அலைந்தவளை ஊர் கல்லெறிந்து விரட்டியது. அந்தக் கோலத்தில் அவள் புத்தரின் சபைக்குள் வருகிறாள். தடுக்கப் பார்த்தவர்களை அவர் விலக்குகிறார். "தங்கையே, நினைவு திரும்பட்டும்" என்கிறார். அங்கிருந்த ஒருவர் தன் மேலாடையைக் கழற்றி அவளுக்குக் கொடுக்கிறார். அதற்குப் பிறகுதான் மரணத்தைப் பற்றிய பேச்சே தொடங்குகிறது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் நினைவு, அப்புறம் துணி, அதற்கும் அப்புறம்தான் போதனை. "உன் பிள்ளைகள் உண்மையில் இல்லை" என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. பிக்குணியான பிறகு ஒருநாள் கால் கழுவிய நீர் தரையில் ஓடுவதைப் பார்த்து மனதை ஒருமுகப்படுத்துகிறாள் படாச்சாரா. அன்றிரவு விளக்குத் திரியை உள்ளே இழுத்து அணைத்த நொடியில் தன் மனம் விடுபட்டது என்று பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் அவளே பாடுகிறாள். பிள்ளையை இழந்த தாய்மார்கள் பின்னாளில் ஆறுதல் தேடிப் போனதும் இவளிடம்தான் என்கிறது மரபு.

சரி, "எல்லாம் மாயை" இல்லையென்றால், முடிவான உண்மை என்று பௌத்தம் எதைத்தான் சொல்கிறது? இதற்கு ஒரே பதில் கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பௌத்தர்கள் தங்களுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் படத்து வரிக்கு இடம் கிடைக்கவில்லை.

இலங்கை, பர்மா, தாய்லாந்து பக்கமுள்ள தேரவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் தத்துவத் தொகுப்பான அபிதம்மம் முடிவான உண்மைகளை நான்கு வகையாக்குகிறது: சித்தம், சித்தத்தோடு சேர்ந்து எழும் மனநிகழ்வுகள், உருவம், நிப்பானம் (நிர்வாணம்). "நான்", "வீடு", "படகு" எல்லாம் பேச்சு வழக்குக்கான உண்மைகள்தான். ஆனால் மனநிகழ்வுகளின் பட்டியலில் வேதனை, அதாவது நுகர்ச்சி, இருக்கிறது. இன்பமும் துன்பமும் அதில் அடக்கம். நான் இதைப் படித்துப் புரிந்துகொண்ட நாளில் உறைந்துபோனேன். இந்தக் கணக்குப்படி ஒரு தாயின் வேதனை அவள் குடியிருக்கும் வீட்டைவிட அதிக உண்மை! எழுந்து மறைவதால் அது பொய்யாகிவிடாது. நிப்பானம் மட்டும் எழுவதும் மறைவதும் இல்லாதது. பிறக்காத, ஆகாத, ஆக்கப்படாத ஒன்று உண்டு, இல்லாவிட்டால் பிறந்ததிலிருந்து விடுதலையே இருக்க முடியாது என்று உதானம் என்ற பாலி நூல் சொல்வது இதைத்தான்.

இதற்கு நேர் எதிரே நிற்பவர் போலத் தெரிபவர் மகாயானத் தத்துவவாதி நாகார்ஜுனர். எதற்கும் சொந்தமாக ஒரு சாரம் கிடையாது, எல்லாம் சூனியம் என்றவர். "பார்த்தீர்களா, மாயை!" என்று நம் ஆட்கள் குதிப்பது இங்கேதான். ஆனால் இதே குற்றச்சாட்டு அவர் முன்னாலும் வந்தது, அதற்கு அவரே பதிலும் எழுதியிருக்கிறார். அவருடைய மூலமத்யமக காரிகை நூலின் 24ஆம் அதிகாரம் எதிராளியின் குரலில்தான் தொடங்குகிறது: எல்லாம் சூனியம் என்றால் தோற்றமும் இல்லை, அழிவும் இல்லை, நான்கு வாய்மைகளும் இல்லை, புத்தரே இல்லை என்றாகிவிடுமே? நாகார்ஜுனர் அதை அப்படியே திருப்பிப் போடுகிறார். ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றுவதைத்தான் சூனியம் என்கிறேன், சொந்தச் சாரத்தோடு ஒரு பொருள் இருந்தால் அது என்றைக்கும் மாறாது, துக்கம் தீரவே தீராது, பாதையில் நடந்தும் பயனில்லை என்கிறார். சூனியத்தைத் தவறாகப் பிடித்தால், தவறாகப் பிடித்த பாம்பு போல அது பிடித்தவனையே அழிக்கும் என்று எச்சரிக்கையும் அங்கேயே வைக்கிறார்.

யோகாசாரம் என்ற இன்னொரு மகாயானப் பள்ளியின் கதையும் இதுதான். "எல்லாம் மனமே" என்ற அளவுக்கு அது சுருங்கிவிட்டது. பார்ப்பவன் ஒன்று, பார்க்கப்படுவது வேறொன்று என்று நாம் போடும் கோட்டைத்தான் அவர்கள் பொய் என்றார்கள். காரணங்களால் ஓடும் அனுபவ ஓட்டத்தை மறுக்கவில்லை. எதுவுமே இல்லை என்று சாதிப்பவர்களை அந்தப் பள்ளியின் ஆசான் அசங்கரின் மரபு மிகக் கடுமையாகச் சாடுகிறது. அந்தப் பள்ளியின் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான தர்மபாலர் நம் காஞ்சிபுரத்துக்காரர், நாலந்தாவில் தலைமை வகித்தவர்.

வஜ்ரச்சேதிகை என்ற மகாயான சூத்திரத்தின் முடிவில் கனவு, பனித்துளி, நீர்க்குமிழி, மின்னல், மாயை என்றெல்லாம் வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே நூல் எப்படித் தொடங்குகிறது? புத்தர் ஊருக்குள் பிச்சைக்குப் போய், வாங்கி வந்ததைச் சாப்பிட்டு, கால் கழுவி உட்காருகிறார். அடுத்து, எல்லா உயிர்களையும் கரையேற்றுவேன் என்ற போதிசத்துவ உறுதி, அதாவது பிறர் விடுதலைக்காகப் பாடுபடுபவர் எடுக்கும் உறுதி. உலகைக் கைகழுவியவர்களுக்கு அப்படி ஓர் உறுதி எதற்கு?

திபெத்துக்குள் போனால் சண்டை இன்னும் நுணுக்கம். 14ஆம் நூற்றாண்டில் தோல்போபா என்ற துறவி, முடிவான உண்மை மற்ற எல்லாவற்றாலும் வெறுமையானது, ஆனால் தன்னளவில் நிறைந்தது என்றார். அவருக்குப் பின் வந்த சோங்கபா, அந்த வெறுமைக்குக்கூடச் சாரம் இல்லை என்றார். ஞானம் படிப்படியாக வருமா, சட்டென்று வருமா என்று 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாம்யே மடத்தில் இந்தியாவின் கமலசீலரும் சீனத் துறவி மொஹேயனும் வாதிட்டதாகத் திபெத்திய மரபு சொல்கிறது. ஜப்பானில் சின்ரன், சொந்த முயற்சியால் முடியாது, அமிதாப புத்தரின் கருணையை நம்பினால் போதும் என்றார். அதே 13ஆம் நூற்றாண்டின் டோகன், நிலையாமையே புத்த இயல்பு என்று ஒரே போடாகப் போட்டார். என் மனம் சாய்வது டோகன் பக்கம்தான். மாறும் உலகத்துக்குப் பின்னால் மாறாத இன்னொன்றைத் தேடி ஓடாதே என்கிறார் அவர்.

இந்த இடத்தில்தான் நம் ஊரின் பழக்கமான சமாதானத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் வந்து நின்ற குமரி முனை இது. அத்வைதம் நம் காற்றிலேயே கலந்திருக்கிறது. அந்த மரபின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அங்கேயும் மாயை என்பது இவ்வளவு மலிவான கருத்து அல்ல, அது தனிப் பேச்சு. ஆனால் மாறாத பிரம்மத்தைச் சொல்லும் தரிசனத்தையும் ஆன்மாவே இல்லை என்னும் தரிசனத்தையும் "எல்லாம் ஒன்றுதான்" என்று ஒரே உலையில் போட்டுக் கிண்டினால் இரண்டுக்கும் அநியாயம். சிதறால் மலைக்குப் போய்ப் படம் எடுத்து "புத்த குகை" என்று போடுவதும் இதே அவசரத்தில்தான். அது சமணர் பள்ளி.

தமிழில் இதையெல்லாம் படிக்க வெளியே எங்கும் போக வேண்டாம். மணிமேகலையின் கடைசிக் காதையில் மணிமேகலையின் பௌத்த ஆசான் அறவண அடிகள், துக்கம் தோன்றும் சார்புகளாகப் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று பன்னிரண்டையும் கோத்துக் காட்டுகிறார். ஒன்றிலிருந்து ஒன்று வருகிறது. அதோடு நிறுத்தாமல் "பேதைமை மீளச் செய்கை மீளும்" என்று திரும்பி வரும் வழியையும் சொல்கிறார். காரணம் உள்ளது எதுவோ அது காரணத்தை நீக்கினால் நீங்கும். நிலையாமையின் மறுபக்கம் இது. இந்தக் காப்பியத்தில் நிலையாமை பேசும் பெண்தான் அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். அந்தப் பாத்திரத்தை அவளுக்கு முன் வைத்திருந்த ஆபுத்திரன், காசியிலிருந்து நம் குமரியில் நீராட வந்த சாலி வழியில் பெற்று விட்டுப்போன பிள்ளை.

பன்னிரு சார்புகள் மனிதத் துக்கத்தைப் பற்றியவை, புயலைப் பற்றியவை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் பார்க்கும் முறை ஒன்றுதான். ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்தவர்களுக்கு ஏன் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை? கரையில் இருந்து அவர்களோடு பேச ஏன் வழியில்லை? தேடப் போக ஏன் தாமதம்? இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. "மாயை" என்றோ "முன்வினை" என்றோ சொன்ன நொடியில் கேள்வி செத்துவிடுகிறது. முன்வினை என்பவர்களுக்கும் புத்தர் பதில் வைத்திருக்கிறார். மனிதன் அனுபவிப்பது எல்லாம் பழைய வினையால்தானா என்று சீவகன் என்ற பரிவிராஜகன் (ஊர் ஊராய் அலையும் துறவி) கேட்டபோது, அது தவறு என்றார். பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று எட்டுக் காரணங்களை அடுக்கினார். வினை அந்த எட்டில் ஒன்று, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் திருமூலவாதம் என்ற பௌத்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்திருக்கிறான். அந்தப் பாலியம் செப்பேடு புத்தரை வணங்கித்தான் தொடங்குகிறது. சேரநாட்டுக் கடற்கரையில் இருந்த கோயில் அது, இன்று இடம் தெரியவில்லை. மூஷிகவம்சம் என்ற வடமொழிக் காவியம் விக்கிரமராமன் என்ற அரசனைப் பற்றிச் சொல்லும்போது, இந்தக் கோயிலைக் கடல் அரிக்க வந்தபோது கல்லைப் போட்டு அவன் தடுத்தான் என்கிறது. எல்லாம் அழியும் என்று தினமும் ஓதிய பிக்குகள் இருந்த கோயிலுக்குத்தான் கடலுக்குக் குறுக்கே கல் போடப்பட்டது. இன்று அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்லால் கட்டும் தூண்டில் வளைவு கேட்டுச் சாலையில் உட்காரும் நம் கடற்கரை மக்களைப் பார்த்து "இயற்கையோடு சண்டை போடாதீர்கள், எதுவும் நிலையில்லை" என்று தத்துவம் பேசுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

தூண்டில் வளைவால் பக்கத்து ஊர்க் கரை அரிக்கும் என்ற வாதம் வேறு. அது காரணத்தோடு பேசும் பேச்சு, அதை உட்கார்ந்து பேசலாம், பேசவும் வேண்டும்.

இந்த நவம்பரிலும் அந்தப் படம் வரும். பகிரப் போகும் நண்பர்களிடம் ஒரே கோரிக்கை: கீழே இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள், புத்தர் படம் இருந்துவிட்டுப் போகட்டும். இல்லை, புத்தர் சொன்னதே மாயாவாதம்தான் என்று உறுதியாக நம்புகிறவர்கள் நாகார்ஜுனரின் அந்த 24ஆம் அதிகாரத்தையும் மணிமேகலையின் கடைசிக் காதையையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் பேச நான் தயார்.