நியூஜெர்சியில் க்யூ.சி.டி.க்கும் வரி உண்டு

ஐ.ஆர்.ஏ. என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து கோயிலுக்கோ பள்ளிக்கோ நேராகப் பணம் போனால் (இதைத்தான் க்யூ.சி.டி. என்கிறார்கள்) அதற்கு வரி கிடையாது என்று அமெரிக்காவில் எழுபது தாண்டியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஃபெடரல் வரியைப் பொறுத்தவரை அது சரி. எழுபதரை வயது நிறைந்தவர் இப்படிக் கொடுக்கலாம்; 2025இல் ஆளுக்கு 1,08,000 டாலர் வரம்பு இருந்தது. 73 வயதிலிருந்து ஆண்டுதோறும் கட்டாயமாக எடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையான ஆர்.எம்.டி.யிலும் அந்தத் தொகை கழியும். பெறும் அமைப்பு அமெரிக்காவில் பதிவான அறநிறுவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் உள்ள ஊர்க் கோயில் டிரஸ்டுக்கு நேரே அனுப்பினால் செல்லாது.

நியூஜெர்சியில் கதை வேறு. பெரும்பாலான மாநிலங்கள் ஃபெடரல் வருமானத்தை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவதால் விலக்கு தானாகவே வந்துவிடுகிறது. நியூஜெர்சிக்கு 1976 முதல் தனி வருமான வரிச் சட்டம். அதில் க்யூ.சி.டி. விலக்கும் இல்லை, நன்கொடைக் கழிவும் இல்லை. ஐ.ஆர்.ஏ.வில் போட்டபோதே மாநில வரி கட்டிய பங்கு மட்டும் தப்பும். அதைப் பிரிக்க மாநிலத்தின் கணக்குத்தாளான ஒர்க்‌ஷீட் சி இருக்கிறது. வேலையிடத்து ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)யிலிருந்து மாற்றிய பணமென்றால், 1984 முதல் போட்டதற்கு அந்தப் பங்கும் கிடையாது.

இதைவிடப் பெரிய அடி ஓய்வூதிய விலக்கில் விழுகிறது. தம்பதியின் மொத்த வருமானம் 1,25,000க்கு மேல் 1,50,000 வரை இருந்தால் ஓய்வூதியத்தில் கால் பங்குக்கு வரி இல்லை. 1,50,000ஐ ஒரு டாலர் தாண்டினாலும் முழு விலக்கும் போய்விடும். வருமானம் 1,41,000, அதில் ஓய்வூதியம் 60,000 என்று வையுங்கள். 15,000க்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் 10,000 டாலர் க்யூ.சி.டி. கொடுத்தால் வருமானம் 1,51,000. அந்த 10,000மும் விலக்குப் போன 15,000மும் சேர்ந்து 25,000, 5.525 சதவீதத்தில் சுமார் 1,381 டாலர் வரி. கையில் வராத பணத்துக்கு இப்படி வாங்குவது அநியாயம். சட்டசபை ஒரு வரித் திருத்தத்தில் இதைச் சரிசெய்யலாம், செய்ய வேண்டும்.

அதுவரை, ஆர்.எம்.டி. அளவு வரை க்யூ.சி.டி. கொடுங்கள், அந்தப் பணம் எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். அதற்கு மேல் கொடுக்க நினைத்தால், விலை ஏறிய பங்குகளை அப்படியே கொடுப்பது நல்லது. அது நியூஜெர்சியில் வருமானமாகச் சேராது.

பென்சில்வேனியாவில் இந்தத் தலைவலியே இல்லை, ஓய்வு வயதில் ஐ.ஆர்.ஏ. பணத்துக்கு அங்கே வரி கிடையாது. நியூயார்க்கில் க்யூ.சி.டி. வருமானத்திலேயே சேராததால், அங்குள்ள 20,000 டாலர் விலக்கை மிச்சம் எடுக்கும் பணத்துக்கு முழுதாக வைத்துக்கொள்ளலாம்.

வரி மென்பொருளில் ஒன்றை அவசியம் பாருங்கள். ஃபெடரல் படிவத்தில் க்யூ.சி.டி. என்று குறித்ததும் வரிக்குரிய தொகை பூஜ்யமாகும். அந்தப் பூஜ்யம் அப்படியே நியூஜெர்சி வரிப் படிவமான என்ஜே-1040இன் 20ஏ வரிசைக்கு வந்திருந்தால் கையால் திருத்துங்கள். ஐ.ஆர்.ஏ. நிறுவனம் அனுப்பும் 1099-ஆர் படிவத்தில் முழுத் தொகையும் இருப்பதால், விட்டால் பின்னால் நோட்டீஸ் வரலாம், வட்டியோடு.